மாடியம்மாவும் என் மேகமும்

மாடியம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் பயிற்சி மையத்தின் ஆண்டு மலரில் ஒவ்வொரு வருடமும் ஓர் ஊழியரைப் பற்றி அவருடைய பக்கத்து மேசைக்காரர் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம். மாடியம்மாவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நாலு நல்ல வார்த்தை போதும் என்றார் மலர் பொறுப்பாளர். அந்த நாலு வார்த்தைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அந்த அம்மாள் மேல் எனக்கு எட்டு வருடப் பொறாமை. வேறு பெயர் சொல்லி அதை மூடி மறைக்கும் வயதையெல்லாம் நான் தாண்டிவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்; மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் மையம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இணைய வழியில் தொழில் கற்றுக்கொடுக்கிறது. லிஃப்ட் பராமரிப்பு, சமையலறைச் சுத்தம், பூச்சி ஒழிப்பு, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என்று நாற்பது படிப்புகள். பாடம் எழுத நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடம் படிப்பவரின் திரையில் எப்படி விரிய வேண்டும், எதை அழுத்தினால் எது திறக்க வேண்டும், கேள்விகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். எதையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வதால் எனக்கு 'நுணுக்கம் சார்' என்று பெயர். அதைக் கிண்டலாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

மாடியம்மாவின் கதை ஒரு ஜவுளிக்கடை வாசலில் தொடங்குகிறது. ஐந்து மாடிக் கடை. வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு எது எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவது அவருடைய வேலை. பதினோரு வருடம் அந்த வாசலில் நின்றார். அவருக்கு இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு மாடியிலும் என்ன இருக்கிறது என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் போர்டில் சாய்ந்துகொண்டே, குழந்தைகள் உடுப்பு எங்கே என்று கேட்பார்களாம். அவர் ஒரு நாளும் போர்டைக் கைகாட்டியதில்லை. "கேக்குறவங்களுக்குப் பதில்தான் வேணும் சார், போர்டு வேணாம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அது அற்பப் பேச்சாகப் பட்டது.

நின்று நின்று முழங்கால் போயிற்று. உட்கார்ந்தும் நடந்தும் செய்கிற வேலையாக வேண்டும் என்று, எங்கள் மையத்தில் நோயாளி பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தார். பாடங்களை எல்லாம் முடித்தார். கடைசியில், படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்றுவதைத் தானே செய்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வீடியோவும் எடுத்துவிட்டார். அதை எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடந்தது. மறுபடி சேர்ந்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறை எங்கள் உதவி எண்ணுக்குப் பத்தொன்பது தடவை போன் செய்தார். பத்தொன்பதாவது அழைப்பை இயக்குநரே எடுத்தார். இந்தப் பக்கத்தில் எது எது ஆளுக்குப் புரியாது என்று அந்த அம்மாள் நாற்பது நிமிடம் விவரித்தாராம். இயக்குநர் கேட்டுவிட்டு, இதையெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து சொல்ல முடியுமா என்றார். அப்படித்தான் உதவி மேசைக்கு வந்தார்.

வீடியோ அனுப்புகிற அந்த இடத்தில் ஒரு மேகம் இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து ஓர் அம்பு மேலே போகும். எழுத்து எதுவும் கிடையாது. எழுத்துப் போட்டால் அதன் அழகு கெட்டுவிடும் என்று நான்தான் போடவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த மேகம் அது.

வந்த முதல் நாளே, மேகத்தை வரைந்தது யார் என்று கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அழகா இருக்கு சார். வானிலை அறிக்கைன்னு நெனச்சிட்டேன்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எட்டு வருடமாக யோசிக்கிறேன். அந்த மேகத்தால் அந்த அம்மாளுக்கு ஒன்றரை வருடம் வீணாகியிருந்தது. நியாயமாகக் குத்தலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

போனை எடுத்ததும் அவர் முதலில் கேட்பது, "இப்ப எந்த மாடில நிக்கிறீங்க?" எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய வேலையின் பழக்கம். எங்கள் பாடப் பக்கங்களில் மாடியுமில்லை, படியுமில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படியோ புரிந்துவிடும். "ரெண்டாவதும்மா, இன்னும் மேல போகணும்னு நெனக்கிறேன்" என்று பதில் வரும். மாடியம்மா என்ற பெயர் அதனால் வந்தது. பெயரிலும் பாருங்கள், எனக்கு வைத்தது கிண்டல். அவருக்கு வைத்தது பிரியம்.

அழைக்கிறவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவைப்பார். வேலை முடிந்து போகும்போது ஒரு துண்டுச் சீட்டு என் மேசைக்கு வரும். 'இன்று பதினான்கு பேர் மேகத்தைக் கேட்டார்கள்.' 'மூன்று கோடு போட்ட இடத்தை அழுத்தலாம் என்று ஒன்பது பேருக்குத் தெரியவில்லை.' 'பாதியில் விட்டவர்கள் எங்கே விட்டோம் என்று தேடுகிறார்கள்.' நான் அவற்றை இழுப்பறையில் போட்டு மூடுவேன். நேற்று வந்தவர் எனக்குச் சீட்டு அனுப்புகிறார் என்று எரியும். இழுப்பறை நிறைந்ததும் அடுத்த இழுப்பறையைத் திறந்தேன்.

நான் மூடினாலும் இயக்குநர் நோட்டைப் படித்துவிட்டார். பூச்சி ஒழிப்புப் படிப்பின் பக்கங்களை வரைந்து பார்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்தார். மாடியம்மாவுக்கு எங்கள் தொழிலின் சொல் ஒன்றுகூடத் தெரியாது. கீழே விரிகிற பட்டியலை 'தொங்குறது' என்பார். பழைய தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்தார். ஒரு பக்கத்தில் ஒரு வேலை மட்டும். கீழே பெரிய எழுத்தில், 'இதுவரை முடித்தது இது, அடுத்து செய்ய வேண்டியது இது.' பாதியில் எழுந்து போனவர் திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே பக்கம் திறக்கும். பார்க்கச் சகிக்காது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுகிற அட்டை மாதிரி இருந்தது. கூட்டத்தில் வைத்து அவருடைய சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நன்றி சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தப் படிப்பில் முன்பெல்லாம் தினம் நாற்பது பேர் உதவி கேட்டு அழைப்பார்கள். புதுப் பக்கங்கள் வந்தபிறகு அது ஆறாகக் குறைந்தது. அதற்குப் பிறகு என் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பாடம் எழுதுகிற நிபுணர்கள், வீடியோ எடுக்கிற கேமராக்காரர், எல்லாரும் என்னைத் தாண்டி அந்த மேசைக்குப் போவார்கள். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரிடம் பேசுவார்கள். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பேசியவர்களும் உண்டு. படித்து முடித்தவர்கள் அனுப்பும் நன்றிக் கடிதங்களை வரவேற்பறைப் பலகையில் குத்திவைப்பார்கள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவற்றைப் படித்துவிட்டு வருவேன். உதவி மேசை அம்மாவுக்கு நன்றி, உதவி மேசை அம்மாவுக்கு நன்றி. பதினாறு வருடத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. பக்கத்தை வடிவமைத்தவர் என்று ஓர் ஆள் இருப்பதே படிப்பவர்களுக்குத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் இயக்குநர் ஒரு முடிவு எடுத்தார். நாற்பது படிப்புக்கும் ஒரே அச்சில் பக்கங்கள் இருக்க வேண்டும். நோயாளி பராமரிப்புப் படிப்பின் ஒரு பாடத்தை நானும் மாடியம்மாவும் தனித்தனியாக வடிவமைக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அதுதான் எல்லாவற்றுக்கும் அச்சு. அதைச் செய்தவர்தான் புதிதாகத் தொடங்குகிற வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை. பதினாறு வருடமாக நான் காத்திருந்த நாற்காலி அது. அந்த நாற்காலியைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, வீட்டில் தவிர.

வீட்டில் என் மனைவிதான் என் சோதனைச்சாலை. திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். மாலை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைப்பேன். புதிதாக வரைந்த பக்கங்களில் அவள் பாடத்தைத் திறந்து, கேள்விக்குப் பதில் தந்து, வீடியோவை அனுப்பிக் காட்ட வேண்டும். நான் பின்னால் நின்று நிமிடம் பார்ப்பேன். நாலு நிமிடம், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், சுலபமாகத்தான் இருக்கிறது என்பாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் பதினாறு வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். பத்தாவது வரை படித்த ஒருத்திக்குப் புரிகிறது, மேகத்தைத் தேடுகிறவர்கள் கண்ணைத் திறந்து தேடுவதில்லை என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

மையத்தின் சோதனைக்கு வெளியிலிருந்து ஐந்து பேரை அழைத்திருந்தார்கள். லிஃப்ட் இயக்குபவர், கேன்டீன் சமையல்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், வீட்டு வேலை செய்கிற ஓர் அம்மாள், ஒரு காவலாளி. ஒவ்வொருவரும் எங்கள் இருவருடைய பக்கங்களையும் செய்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கங்களை முன்பு பார்த்திராதவர்களாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. இரண்டாவது விதி, பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர் வாய் திறக்கக் கூடாது. ஆள் தவித்தாலும், தப்பான இடத்தை அழுத்தினாலும், அழுதாலும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பக்கம் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? இந்த விதியைப் பதினாறு வருடத்துக்கு முன்பு எழுதியதே நான்தான்.

ஓட்டுநர் என் பக்கத்தில் மேகத்தைப் பதினேழு நிமிடம் தேடினார். நல்ல மனிதர். தேடும்போது தன்னையே திட்டிக்கொண்டார். எனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு என்று முனகி, மவுஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்குக் கவலை வந்தது. அவருக்காக அல்ல, நாற்காலிக்காக.

அடுத்து லிஃப்ட்காரர். அவருடைய மவுஸ் மேகத்துக்குப் பக்கத்தில் வந்தபோது என்னையறியாமல் இருமினேன். முதல் இருமல் சத்தியமாகத் தானாக வந்தது. அவர் அங்கேயே நின்றார், அழுத்தினார், முடித்தார். அதற்கு அடுத்து சமையல்காரர் வந்தார். இந்த முறை இருமல் தானாக வரவில்லை. அந்த ஆள் கெட்டிக்காரர். இருமலைக் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தார். மவுஸைத் தள்ளிக் கொண்டுபோனார். நான் சும்மா இருந்தேன். திரும்ப மேகத்துக்குக் கொண்டுவந்தார், இருமினேன். சிரித்துக்கொண்டே அழுத்தினார்.

முடிவில் மாடியம்மாவின் பக்கங்களில் ஐந்து பேரும் முடித்திருந்தார்கள். என்னுடையதில் மூன்று பேர். அதிலும் காவலாளி மட்டும்தான் சொந்தமாக முடித்தவர். மற்ற இருவரையும் என் தொண்டை முடித்து வைத்தது. ஆனால் அந்த மூன்று பேருக்கும் என் பக்கத்தில் நேரம் குறைவாக ஆகியிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு நேரம்தானே முக்கியம் என்று இயக்குநரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் குழம்பிப் போனார். இன்னும் ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு நாளைக்கு முடிவு செய்யலாம் என்றார். ஆள் என்னிடம் இருக்கிறார், நானே பார்த்துக் குறித்து வருகிறேன் என்றேன். ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சோதனைகள் எல்லாம் ஒலியோடு பதிவாகும். மாடியம்மா பிற்பகல் முழுதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் எழுந்துபோய் ஒரு டம்ளரோடு வந்தார். என் மேசையில் வைத்தார்.

"தொண்டை சரியில்ல போல சார். வெந்நீர் குடிங்க."

அவ்வளவுதான். இயக்குநரிடம் போகவில்லை, கேமராக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவில்லை. நாலு பேருக்கு நடுவில் என் மானத்தை வாங்கியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவர் நல்லவராகவும் இருக்கிறாரே என்பதுதான் தாங்கவில்லை. அந்த வெந்நீரைக் குடிக்காமல் ஆற விட்டேன்.

வீட்டுக்குப் போன கையோடு மேசையில் கணினியைத் திறந்தேன். மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் என் பக்கங்களைக் கொடுத்தேன். நாலு நிமிடம். பிறகு மாடியம்மாவின் பக்கங்கள். யாருடையது எது என்று சொல்லவில்லை. அதில் ஒன்பது நிமிடம் ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டில் நாலு, ஒன்பது என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

"எங்க சிக்கின?" என்று கேட்டேன். எந்த இடத்தில் தடுமாறினாள் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதலாமே.

"எங்கயும் சிக்கல. படிச்சேன்."

"என்ன படிச்ச?"

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போது மேசையில் கையை வைத்துக் காட்டினாள். அவளுடைய அப்பா கடைசி நாலு மாதம் படுக்கையில் இருந்தார். குதிகால் இரண்டும் புண்ணாகிவிட்டது. மருந்து போட்டுக் கட்டியவள் அவள்தான். "தலையணைய எங்க வெக்கணும்னு அப்ப யாரும் சொல்லலங்க. நான் குதிகாலுக்குக் கீழயே வெச்சேன்" என்றாள்.

என் வாயில் வந்தது இதுதான்: "அது முதல்ல குடுத்ததுலயும் இருந்துச்சே. ரெண்டுலயும் ஒரே பாடம்தான்."

"இருந்துச்சா?" என்றாள். "நான் பாக்கலியே."

பார்க்காமல் கேள்விகளுக்கு எப்படிச் சரியாகப் பதில் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. வற்புறுத்தினேன்.

"அது நீங்க பண்ணதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. உங்க கேள்வில எது நீளமா இருக்கோ அதான் சரியான பதில். எப்பவும் அப்படித்தான் வெக்கிறீங்க. வீடியோ அனுப்புறதும் அப்படித்தான். பத்தொம்பது வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியாச்சு. சாவிய எங்க வைப்பீங்க, கண்ணாடிய எங்க வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? யாருக்கும் கண்ணுல படாத மூலையா பாத்து வைப்பீங்க. அங்க போய்ப் பாப்பேன், இருக்கும். பாடத்த எல்லாம் நான் பாக்கறதில்லங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இரண்டாவது பக்கங்களைச் செய்தது யார், மீதிப் பாடங்கள் எப்போது வரும் என்று கேட்டாள். பதினாறு வருடத்தில் என்னிடம் கேட்டிராத கேள்வி. என் நாற்காலியைப் பறிக்க வந்தவர், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மனைவியையும் தன் பக்கம் இழுத்துவிட்டார் என்று எனக்குக் கொதித்தது. அந்தச் சீட்டைப் பையில் பத்திரமாக வைத்தேன். நாலு, நாலுதான். ஒன்பது, ஒன்பதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சீட்டை இயக்குநரிடம் நீட்டினேன். அவர் முகம் தெளிந்தது. அவருக்கும் ஒரு முடிவு வந்தால் போதும் என்றுதான் இருந்தது. மாடியம்மா பக்கம் சீட்டைத் தள்ளி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மாடியம்மா அதைப் படித்தார். இருமலைப் பற்றி இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் மறுப்பதற்கு இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "இந்த ஒம்பது நிமிஷமும் அவங்க என்ன சார் பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டார்.

கேட்டதில் சூது எதுவும் இல்லை. எந்த இடத்தில் தன் பக்கம் ஆளைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு திருத்துவதற்காகக் கேட்கிறார். கையில் பென்சில் இருந்தது. நோட்டைத் திறந்துவிட்டார். தேடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதிக்கொண்டு போய்விடுவார். நாற்காலி எனக்கு. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் மேசையில் அவள் கையை வைத்துக் காட்டியதுதான் நின்றது.

"படிச்சிட்டிருந்தாங்க" என்றேன்.

"உங்க பக்கங்கள்ல?" என்று கேட்டார் இயக்குநர்.

"என் பக்கங்கள்ல படிக்கல. எங்க வெச்சிருக்கேன்னு அவங்களுக்கு முன்னமே தெரியும். அவங்க என் சம்சாரம்தான்."

மாடியம்மா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். மீதியையும் சொல்லிவிடலாம் என்று இருமலைப் பற்றியும் நானே சொன்னேன். அதைச் சொல்வதற்குத்தான் தொண்டை நிஜமாகவே அடைத்தது. நேர்மை பொங்கி வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அம்மாள் எனக்காகச் சொல்லாமல் விட்டது என் மேல் ஒரு கடனாக நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவருடைய பெருந்தன்மைக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவதைவிட உட்காராமலே இருக்கலாம்.

மாடியம்மா பிரிவுத் தலைவரானார். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். மேகத்தைத் தூக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், தூக்கவில்லை. அதற்குக் கீழே 'நீங்கள் எடுத்த வீடியோவை இங்கே கொடுங்கள்' என்று பெரிதாக எழுதச் சொன்னார். அழகு கெட்டுத்தான் போயிற்று. அதைக் கேட்டு யாரும் இப்போது அழைப்பதில்லை. என் இழுப்பறைகளில் இருந்த சீட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள், அந்தச் சீட்டுகளைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்க முடியுமா சார், நீங்கள் எதையும் தூக்கிப் போடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றார். எட்டு வருடச் சீட்டையும் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் என்னைப் பற்றி எழுதியது மாதிரியே இருந்தது.

அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கூட்டங்களில் என் சொல்லைத்தான் முதலில் கேட்கிறார். புதிதாக வருகிறவர்களிடம், இந்தத் தொழிலின் பெயர்களை எல்லாம் இவரிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று என்னைக் காட்டுகிறார். பொறாமை இதனால் குறைந்ததா என்றால், இல்லை. கெட்டவர் மேல் பொறாமைப்பட்டால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவர் விஷயத்தில் அதற்கும் வழியில்லை.

இந்த வருடம் என் மனைவி நோயாளி பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை, சேர்ந்துவிட்டுச் சொன்னாள். கடையிலிருந்து வந்ததும் தினம் ஒரு மணி நேரம் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறாள். இருபது வாரத்தில் பதினோரு வாரம் முடித்துவிட்டாள். சந்தேகம் வந்தால் உதவி எண்ணுக்குப் போன் செய்கிறாள். தலைவரான பிறகும் மாடியம்மா மாலையில் ஒரு மணி நேரம் தானே போனை எடுக்கிறார். "நாலாவது மாடிங்க, பாதி ஏறிட்டேன்" என்று இவள் சொல்வதும், ஸ்பீக்கரில் எதற்கோ இருவரும் சிரிப்பதும் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். இதே வேலையைப் பதினாறு வருடம் செய்தவன் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மாலை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் போனை வைத்ததும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஊராரை எல்லாம் கேட்கிறாய், வீட்டில் ஓர் ஆள் இருக்கிறேனே, என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களக் கேட்டா மவுஸ வாங்கி நீங்களே அழுத்திடுவீங்க. அப்புறம் அது எனக்கு எப்படி வரும்?"

நான் எப்போது அப்படிச் செய்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கை ஏற்கெனவே மவுஸ் மேல் இருந்தது.